சாணக்குழி ஏன் நாறுகிறது? ஆடு மாடு வளர்க்கும் நமக்கு ஒரு விளக்கம்



நம் கூட்டமைப்பில் ஆடு வாங்கவும் கறவை மாடு வாங்கவும் உள்கடன் எடுத்தவர்கள் நிறையப் பேர். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா வெள்ளாடு திட்டத்தில் வீட்டுக்கு 4 ஆடு பெற்று, அதைப் பெருக்கியவர்களும் நம்மிடையே உண்டு. வரவு செலவு, தடுப்பூசி, தீவனம் பற்றியெல்லாம் கூட்டத்தில் பேசுகிறோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் கூச்சத்தோடு, கூட்டம் முடிந்த பிறகு தனியாகத்தான் கேட்கிறார்கள். அது நாற்றம்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. ஆட்டை இங்கே கட்டாதேங்கிறாங்க. நானும் ரெண்டு வேளையும் குடம் குடமாத் தண்ணி ஊத்திக் கழுவுறேன். கழுவக் கழுவக் கூடுதே தவிர குறையலை."

இப்படி ஒருவர் இரண்டு பேர் அல்ல, கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து ஊர்களிலும் சொல்கிறார்கள், மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர்களிலும் சொல்கிறார்கள். வீட்டிலும் திட்டு, தெருவிலும் திட்டு. "சுத்தமா வச்சுக்கத் தெரியாதவ" என்று பெயர். சிலர் அந்தப் பேச்சுக்குப் பயந்து, கடன் தவணை முடியும் முன்பே ஆட்டை விற்றுவிடுகிறார்கள்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தொழுவம் நாறுவதற்குக் காரணம் பெண்களின் சோம்பல் அல்ல. சாணமும் மூத்திரமும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து, உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் தேங்குவதுதான் காரணம். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவிக் குழிக்குள் விடுகிறவர் வீட்டில் நாற்றம் கூடுவதும் இதனால்தான். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் சரி செய்வது எளிது.

கரிமூட்டத்தைப் பாருங்கள்

நம் மாவட்டத்தில் கரிமூட்டம் தெரியாதவர் இருக்க முடியாது. சீமைக்கருவேல விறகை அடுப்பில் வைத்து எரித்தால் என்ன மிஞ்சும்? ஒரு கை சாம்பல். அதே விறகை அடுக்கி, மேலே கூளம் போட்டு, மண்ணால் மூடிக் காற்றை அடைத்து எரித்தால் என்ன மிஞ்சும்? கரி. விறகு பாதிதான் எரிகிறது. எரியாத மீதி, கண்ணைக் கரிக்கும் புகையாகவும் கரியாகவும் நிற்கிறது.

சாணத்திலும் இதே கதைதான். சாணத்தில் செரிக்காத நார், புரதம், கொழுப்பு எல்லாம் இருக்கின்றன. இவை கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு உணவு. காற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில், காற்றைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் இந்த உணவை முழுவதுமாக 'எரித்து' விடுகின்றன. கடைசியில் வருவது கரியமில வாயுவும் தண்ணீரும் சூடும்தான். இந்த இரண்டுக்கும் வாசனை கிடையாது. நன்றாக வேலை செய்யும் எருக்குவியலுக்குள் கையை விட்டால் சுடுவது இதனால்தான். அந்தச் சூடு 60 டிகிரி வரைகூடப் போகும்.

காற்றுப் புகாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலைக்கு வருகின்றன. இவற்றைக் காற்றில்லா நுண்ணுயிர்கள் என்று சொல்கிறோம. இவை உணவை அரைகுறையாகத்தான் உடைக்கும். அந்த அரைகுறைப் பொருட்கள்தான் நாறுகின்றன. எருக்குழி நாற்றம் என்பது ஒரு வகையில் கரிமூட்டப் புகை மாதிரி. காற்றில்லாமல் நடக்கும் வேலையின் கழிவு.

நம் மாட்டுக் குழிக்குள் காற்றை அடைப்பது எது? மண் அல்ல, தண்ணீர். பச்சைச் சாணம் நூறு கிலோ என்றால் அதில் ஏறக்குறைய 80 கிலோ தண்ணீர்தான். அதோடு மூத்திரமும், கழுவின தண்ணீரும், ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் குழிக்குள் துளிக் காற்றுக்கு இடமில்லை.

யார் இந்த நுண்ணுயிர்கள்?

இவை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பூச்சிகள் அல்ல. மாடு, ஆட்டின் வயிற்றிலேயே இருப்பவை. மாட்டின் பெருவயிறு காற்றில்லாத ஒரு பானை. அதற்குள் இந்த நுண்ணுயிர்கள் வைக்கோலை உடைத்துக் கொடுப்பதால்தான் மாடு வைக்கோலைத் தின்று பால் கொடுக்க முடிகிறது. நம்மால் வைக்கோல் தின்று வாழ முடியுமா? முடியாது. ஆகவே இவை நமக்குப் பகையும் அல்ல. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் உதவி, தேங்கிய குழியில் இருந்தால் தொல்லை.

காற்றே இல்லாமலும் உயிர் வாழ முடியும் என்று 1861-இல் கண்டு சொன்னவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். அவர் பார்த்த நுண்ணுயிர், ஊசிப்போன வெண்ணெய் வாடை வீசும் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்குவது. காற்றுப் பட்டதும் அது அசையாமல் நின்று போனது. அதே அமிலம் இன்று நம் எருக்குழி நாற்றத்திலும் உண்டு.

குழிக்குள் நடக்கும் வேலை

காற்றில்லா நுண்ணுயிர்கள் ஒரே கூட்டம் அல்ல. கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி, ஒருத்தர் நறுக்க, ஒருத்தர் அரைக்க, ஒருத்தர் தாளிக்க என்று வரிசையாக வேலை நடக்கும்.

முதல் கூட்டம் நார், புரதம், கொழுப்பு ஆகிய பெரிய பொருட்களைச் சின்னச் சின்னதாக உடைக்கும்.

இரண்டாவது கூட்டம் அந்தத் துண்டுகளைப் புளிக்கவைத்துப் பலவகை அமிலங்களாக மாற்றும். முக்கியமான நாற்றம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களைக் காடியின் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும்.

நான்காவது கூட்டம் அவற்றைத் தின்று மீத்தேன் வாயுவாக வெளியே விடும். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. சாண எரிவாயு அடுப்பில் எரிவது இதுதான்.

நாலு கூட்டமும் ஒழுங்காக வேலை செய்தால் நாற்றம் குறைவு. ஆனால் கடைசிக் கூட்டம் மெதுவாகப் பெருகுவது, சீக்கிரம் வாடிப்போவது. அமிலம் மிஞ்சினாலும், திடீரென்று குளிர்ந்தாலும், உப்பு கூடினாலும் அது சுணங்கிவிடும். முதல் இரண்டு கூட்டமோ எதையும் தாங்கும், வேகமாக வேலை செய்யும். ஆகவே சாதாரணக் குழியில் அமிலங்கள் தின்ன ஆளில்லாமல் தேங்குகின்றன. தேங்கியது காற்றில் கலந்து நம் மூக்குக்கு வருகிறது.

எந்த வாடை, எதனால்?

நாற்றம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வாடை உண்டு. மூக்கை வைத்தே குழியின் நிலையைக் கண்டுபிடிக்கலாம்.

கண்ணைக் கரிக்கும் காரவாடை: இது அம்மோனியா. காலையில் ஆட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவும், நாம் வயலுக்கு மூட்டையாக வாங்கும் யூரியாவும் ஒரே பொருள்தான். மூத்திரம் சாணத்தோடு சேர்ந்ததும், சாணத்தில் உள்ள நுண்ணுயிர்களின் நொதி அந்த யூரியாவைச் சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக உடைத்துவிடும். இது காற்று இருந்தாலும் நடக்கும், இல்லாவிட்டாலும் நடக்கும். இதன் பிறகு, காற்றில்லாத குழியில் புரதம் அழுகும்போதும் அம்மோனியா வரும். மாட்டின் கழிவில் உள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. எனவே அம்மோனியா வாடை அடித்தால், வயலுக்குப் போக வேண்டிய உரம் காற்றில் போகிறது என்று அர்த்தம். குட்டிகளுக்கும் இது கெடுதல். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, சளியும் நிமோனியாவும் எளிதில் பிடிக்க வைக்கும்.

அழுகின முட்டை வாடை: இது ஹைட்ரஜன் சல்பைடு. புரதத்தில் உள்ள கந்தகத்திலிருந்தும், தண்ணீரில் கரைந்துள்ள சல்பேட் உப்பிலிருந்தும் காற்றில்லா நுண்ணுயிர்கள் இதை உண்டாக்கும். வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் காற்றில் உள்ள இதே மாதிரிக் கந்தகப் பொருட்களால்தான். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே பலருடைய மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். இது விஷ வாயு. இதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறோம்.

ஊசின வெண்ணெய், புளிச்ச வாடை: மேலே சொன்ன அமிலங்கள். குழியில் வேலை பாதியில் நிற்கிறது என்பதற்கு அடையாளம்.

துணியில் ஒட்டிக்கொண்டு போகாத தொழுவ வாடை: புரதத்தின் சில பகுதிகள் அழுகி வரும் கிரெசால், இண்டோல், ஸ்கடோல் என்ற பொருட்கள். இதில் ஒரு வேடிக்கை. இண்டோல் துளியூண்டு இருந்தால் வாசனை, அதிகமானால் நாற்றம். மல்லிகைப் பூவின் மணத்திலும் துளி இண்டோல் உண்டு. தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றிலிருந்து வளர்ந்த பூவிலும் அது இருக்கும், நம் தொழுவத்திலும் இருக்கும்.

அழுகின மீன் வாடை: அமீன்கள் என்ற பொருட்கள். மீன் கழிவை எருக்குழியில் கொட்டினால் இது பல மடங்காகும்.

இன்னொரு செய்தி. சமையல் காஸ் சிலிண்டர் வாயுவுக்கு இயற்கையில் பெரிதாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்று, கந்தகம் சேர்ந்த மெர்காப்டன் என்ற பொருளைக் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். அந்த வகைப் பொருள் அழுகும் சாணத்திலும் உண்டாகிறது. அது நம் மூக்கை உடனே எழுப்பிவிடும் என்று தெரிந்துதான் சிலிண்டரில் சேர்க்கிறார்கள்.

கடலோரத்தில் ஏன் கூடுதல்?

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கத்து உறுப்பினர்கள், "எங்க ஊர்ல மட்டும் முட்டை நாத்தம் ஜாஸ்தி" என்று சொல்வதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட். கடலோரத்தில் பல கிணறுகளில் உவர்நீர்தான். அந்தத் தண்ணீரில் தொழுவம் கழுவிக் குழிக்குள் விட்டால், சல்பேட்டையும் சேர்த்து விடுகிறோம். சல்பேட்டைச் 'சுவாசித்து' வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டு என்று நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் 1895-இல் கண்டுபிடித்தார். காற்றுக்குப் பதில் சல்பேட்டை எடுத்துக்கொண்டு, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். சல்பேட் நிறைய இருக்கும் இடத்தில் இவை மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்தின் உணவையும் பிடுங்கிக்கொள்ளும். எரிவாயு குறையும், முட்டை நாற்றம் கூடும்.

இதை நீங்கள் இயற்கையில் பார்த்திருப்பீர்கள். காரங்காடு அலையாத்திக் காட்டின் சேற்றில் கால் வைத்தால் மேலே சாம்பல் நிறம், உள்ளே கரேலென்று கறுப்பு. கூடவே முட்டை வாடை. அந்தக் கறுப்பு, கந்தகமும் இரும்பும் சேர்ந்த பொருள். காற்றுப் பட்டால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். உங்கள் எருக்குழியின் அடிமண் அதே கறுப்பாக இருந்தால் அங்கே காற்று இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பாசி எடுக்கும் சகோதரிகளுக்கும் இது தெரியும். மரிக்கொழுந்துப் பாசியை மணலில் பரப்பி அன்றே வெயிலில் காயவைத்தால் தொல்லை இல்லை. ஈரத்தோடு குவியலாகப் போட்டு வைத்தால் அடியில் அழுகி நாறும். பாசி ஒன்றுதான், காற்றுப்பட்டதும் படாததும்தான் வித்தியாசம்.

கிடை ஏன் நாறுவதில்லை?

நம் மாவட்டத்துக் கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் வரை போகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான ஆடுகளை இரவு கிடை போடுகிறார்கள். வயல்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுக்கிறார். நாலு ஆடு கட்டின கொட்டகை நாறுகிறது, நானூறு ஆடு கிடந்த வயல் ஏன் அப்படி நாறுவதில்லை?

முதல் காரணம், புழுக்கை உருண்டையாக விழுந்து, மேல் தோல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. உருண்டைகளுக்கு நடுவே காற்று ஓடும். இரண்டாவது, மூத்திரம் தேங்காமல் மண்ணில் பரவலாக இறங்கிவிடுகிறது. மண் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது, ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குவிவதில்லை. கிடை நாள்தோறும் இடம் மாறுகிறது.

"ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆட்டு எருவின் பலன் முழுசாகக் கிடைக்க வேண்டுமானால், அதை நனையவிட்டுக் கூழாக்கக் கூடாது. படித்தவர் யாரும் சொல்லாமலே கீதாரிகள் இதைச் செய்துவருகிறார்கள். காய்ந்திருக்கணும், பரவியிருக்கணும், தேங்கக் கூடாது. நம் வீட்டுத் தொழுவத்துக்கும் இந்த மூன்றுதான்.

நாம் என்ன செய்யலாம்?

1. முதலில் அள்ளுங்கள், பிறகு கழுவுங்கள். சாணத்தையும் புழுக்கையையும் காய்ந்தபடியே கூட்டி அள்ளிவிட்டு, கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள நம் ஊரில் குடங்களும் மிச்சம்.

2. மூத்திரத்தைச் சாணத்திலிருந்து பிரியுங்கள். தரையைக் கொஞ்சம் சரிவாக வைத்து, ஓரத்தில் சின்னக் கால்வாய் விட்டு, ஒரு வாளியிலோ, காய்ந்த மண்ணும் கூளமும் நிரப்பிய பள்ளத்திலோ இறக்குங்கள். ஊறிய மண்ணைப் பத்து நாளுக்கு ஒருமுறை தென்னைக்கோ காய்கறிப் பாத்திக்கோ போட்டு மண்ணால் மூடிவிடலாம்.

3. தரையில் கூளம் பரப்புங்கள். கடலைத் தொலி, மரத்தூள், வைக்கோல், தென்னை நார்க்கழிவு, நறுக்கின பனை ஓலை எது கிடைத்தாலும் சரி. இவை ஈரத்தை உறிஞ்சும், காற்றுக்கு வழிவிடும். நுண்ணுயிர்கள் இந்தக் கூளத்தைத் தின்னும்போது அம்மோனியாவையும் எடுத்துத் தங்கள் உடம்பாக்கிக்கொள்ளும். உரச்சத்து வீட்டிலேயே நிற்கும். பரண் மேல் ஆடு வளர்ப்பவர்கள் பரணுக்கு அடியிலும் இப்படிப் பரப்ப வேண்டும்.

4. குழி வேண்டாம், மேடு போடுங்கள். மழைத் தண்ணீர் வந்து சேராத மேட்டு இடத்தில் இடுப்பளவு குவியலாகப் போடுங்கள். ஒரு அடுக்குச் சாணம், ஒரு அடுக்குக் காய்ந்த குப்பை. மேலே பனை ஓலை அல்லது கிடுகுக் கூரை. பழைய குழிதான் இருக்கிறது என்றால் சுற்றிலும் ஒரு முழம் கரை எழுப்பி, கூரை போடுங்கள். கண்மாய், ஊருணி, குடிதண்ணீர்க் கிணறு இவற்றுக்குத் தள்ளியே இருக்கட்டும்.

5. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். அடியில் இருப்பது மேலே வந்து காற்று வாங்கும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், காய்ந்த கூளம் சேருங்கள். பிடியாக நின்று, சொட்டாமல் இருந்தால் சரியான பதம். உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

6. நாறுகிற பழைய குவியலைப் புரட்டும் நாளில் வாடை கூடும். இது உள்ளே அடைபட்டது வெளியே வருவது. பயந்து விட்டுவிடாதீர்கள். காற்று வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் வீசும் நேரத்தில், வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். சாயங்காலம் காற்று அசையாத நேரத்தில் வேண்டாம். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

7. மீன் கழிவைக் குவியலில் கொட்டாதீர்கள். சம எடை நாட்டுச் சர்க்கரை அல்லது வெல்லத்தோடு கலந்து வாளியில் மூடி வைத்து, மீன் அமிலமாக ஆக்கலாம். இதுவும் காற்றில்லாமல் நடப்பதுதான். ஆனால் இனிப்பு இருப்பதால் தயிரைப் புளிக்கவைக்கும் வகை நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு அமிலமாக்கி, அழுகவைக்கும் கூட்டத்தை நெருங்கவிடாது. காற்றில்லாத எல்லா வேலையும் நாறும் என்பதில்லை, யார் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பு: பனையேறும் குடும்பங்களுக்குத் தெரியும், கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர் கள்ளாகாது. சுண்ணாம்பின் காரம் நுண்ணுயிரைத் தடுத்துவிடும். அதே எண்ணத்தில் சாணத்தில் சுண்ணாம்பு போடுகிறார்கள். முட்டை வாடை குறையலாம், ஆனால் காரம் ஏறியதும் அம்மோனியா மொத்தமாகக் கிளம்பிப் போகும். கண் எரியும், எருவின் சத்தும் போகும். அடுப்புச் சாம்பலும் காரம்தான். மூத்திரம் ஊறின இடத்தில் அதற்குப் பதில் காய்ந்த மண் போடுங்கள்.

பிளீச்சிங் பவுடர்: மூத்திரம் ஊறின தரையில் கண்டிப்பாகப் போடக் கூடாது. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்து நுரையீரலைத் தாக்கும் வாயு வரும்.

பினாயில்: வாடையை மறைக்கும், காரணத்தை மாற்றாது. குவியலில் ஊற்றினால் எரு ஆக்கும் நல்ல நுண்ணுயிர்களும் செத்துப்போகும்.

சாண எரிவாயு வைத்திருப்பவர்களுக்கு

நாலைந்து மாடு உள்ளவர்களுக்குச் சாண எரிவாயுக் கலன் நல்ல வழி. 1984-இல் வந்த தீனபந்து மாதிரி நம் நாட்டில் நிறைய இடங்களில் கட்டப்பட்டது. 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அதே அளவு தண்ணீரும் வேண்டும். இங்கே காற்றில்லா வேலையை நாம் வேண்டுமென்றே நடத்துகிறோம். ஆனால் நாலாவது கூட்டத்துக்கு நேரமும் சூடும் கொடுத்து, அமிலத்தை முழுவதும் தின்னவிடுகிறோம். அதனால்தான் கலனிலிருந்து வெளியே வரும் கரைசல் பச்சைச் சாணக்குழி அளவுக்கு நாறுவதில்லை. நாறினால், சாணத்தை அளவுக்கு மீறிப் போடுகிறோம் என்று அர்த்தம். உவர்நீர் ஊற்றாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் குழாயும் அடுப்பும் சீக்கிரம் அரித்துப்போகும்.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

நாற்றம் வீசும்வரை நம் மூக்கு நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 100 பங்கு ஆனால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். வாடை தெரியாது. "நாத்தம் போயிருச்சு" என்று நினைப்போம், வாயு அங்கேயே இருக்கும். 700 பங்கைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆளை மயக்கிக் கீழே தள்ளும். இது காற்றைவிடக் கனமானது, ஆகையால் பள்ளத்தின் அடியில் தங்கும். குச்சியால் கிளறும்போது சேற்றில் அடைபட்டிருந்தது ஒரேயடியாகக் கிளம்பும்.

சாண எரிவாயுக் கலன், மூடிய சாணக் கரைசல் தொட்டி, கழிப்பறைத் தொட்டி எல்லாம் ஒன்றுதான். நாட்டில் கழிப்பறைத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் இறந்துபோகும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். ஒருவர் விழ, காப்பாற்றப் போனவரும் விழுகிறார். பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே, எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள், வீட்டு ஆண்களையும் பிள்ளைகளையும் இறங்கவிடாதீர்கள். வாளி விழுந்தாலும், செயின் விழுந்தாலும், ஆட்டுக்குட்டியே விழுந்தாலும் மேலே நின்று கயிறு, கொக்கி போட்டுத்தான் எடுக்க வேண்டும். தீக்குச்சி கொளுத்தியோ பீடியோடோ எட்டிப் பார்க்கக் கூடாது, மீத்தேன் தீப்பிடிக்கும். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 கூப்பிடுங்கள். தொட்டிகளுக்குக் கனமான மூடி போடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் குழி, எத்தனை பேர் வீட்டில் மேட்டுக் குவியல்? எந்த வீட்டில் வாடை குறைவு, ஏன்?

• கூரை போட, தரை சரிவாக்கச் சிறு உள்கடன் யாருக்கு வேண்டும்? தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

• கடலைத் தொலி, நார்க்கழிவு மொத்தமாக வாங்கிப் பங்கிட முடியுமா?

• இடமில்லாத வீடுகளுக்கு ஊருக்கு வெளியே பொது எருமேடு கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுக்கலாமா? அங்கே சேரும் எருவை விற்றுக் குழு வருமானமாக்கலாமா?

• மூடி இல்லாத தொட்டி நம் தெருவில் எங்கே இருக்கிறது?

ஒரு உறுப்பினர் வீட்டில் முதலில் செய்து பாருங்கள். ஒரு மாதம் கழித்து, அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி எருவைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முகர்ந்து பார்த்தால் மழை நனைத்த மண் வாசம் வர வேண்டும். வந்ததா இல்லையா என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மற்றக் குழுக்களுக்கும் சொல்வோம்.